துவர்ப்புக்கு ஒரு துணை

அடர்த்தியான சிவப்பு ஒயினுக்கு எந்த சீஸ் பொருந்தும்? நட்சத்திர ஓட்டல் மெனுவைவிடத் தெளிவான பதில், வாழைப்பூவை மோரில் ஊறப்போடும் நம் சமையலறையிலேயே இருக்கிறது.

ஹைதராபாத்தின் கிழக்கே இருக்கிறது நாச்சாரம். மருந்து, ரசாயனம், இயந்திர உதிரிபாகம் என்று சின்னதும் பெரியதுமாகத் தொழிற்சாலைகள் நெருக்கியடிக்கும் பேட்டை. என்.டி. ராமராவ் குடும்பத்தின் ராமகிருஷ்ணா ஸ்டூடியோ எழுந்ததும் இங்கேதான். தெலங்கானாவின் மற்ற ஊர்களைப் போலவே இந்தப் பக்கத்து மதுக்கடைப் பலகைகளிலும் காணப்படும் சொல் 'வைன்ஸ்'. உள்ளே போனால் விஸ்கி, பிராந்தி, பீர். ஒயின் மட்டும் அபூர்வம். தமிழர்களுக்கு இந்த வேடிக்கை புதிதல்ல. 2003ல் டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுக்கும்வரை தமிழ்நாட்டிலும் அதன் பெயர் 'ஒயின் ஷாப்'தான். ஒயினை அங்கே யாரும் கேட்டதுமில்லை, பார்த்ததுமில்லை.

நிலைமை இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. பெரிய நகரங்களின் நவீன மதுக்கடைகளில் நாசிக், பெங்களூர், ஹம்பி என்று உள்நாட்டுப் பெயர்களைத் தாங்கிய ஒயின்களுக்குத் தனி அலமாரி. சூப்பர்மார்க்கெட் குளிர்பெட்டியில் செடார், கவுடா, பர்மேசான் பாக்கெட்டுகள். இரண்டையும் வாங்கிவந்து ஒரே தட்டில் வைத்தால் விருந்து தயார் என்று நினைப்பவர்கள் பெருகிவருகிறார்கள். பாதிப் பேருக்கு முதல் வாயிலேயே ஏமாற்றம். ஒயின் நாக்கைச் சுரண்டுகிறது. சீஸ் சோப்புக்கட்டி மாதிரி இருக்கிறது. போதாக்குறைக்கு இரண்டும் சேர்ந்து தகரத்தை நக்கியது போல ஒரு கசப்பு. நல்ல பாட்டில் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். சீஸும் மலிவல்ல. இவ்வளவு செலவழித்து முகம் சுளிப்பதில் என்ன லாபம்?

குற்றம் பெரும்பாலும் ஒயினிலும் இல்லை, சீஸிலும் இல்லை. சேர்த்த விதத்தில் இருக்கிறது. அதன் சூத்திரம் தமிழர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று. அதற்கு இதுவரை ஒயின் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மோர் செய்யும் வேலை

அறுசுவைக் கணக்கில் நாம் துவர்ப்புக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறோம். பாக்கு, கடுக்காய், வாழைப்பூ, நாவல்பழம், மாதுளைத் தோல் எல்லாம் துவர்க்கும். மேற்கத்திய விஞ்ஞானம் துவர்ப்பை ஒரு சுவையாகவே ஒப்புக்கொள்வதில்லை. அது தொடு உணர்வு என்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. நம் எச்சிலில் நாக்கை வழவழப்பாக வைத்திருக்கும் புரதங்கள் உண்டு. டானின் என்ற பொருள் அந்தப் புரதங்களைப் பிடித்துத் திரளச் செய்துவிடுகிறது. வழவழப்பு போய், வாய் உலர்ந்து, நாக்கு சொரசொரக்கிறது. இதுதான் துவர்ப்பு.

ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு டானின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதனிடும்போது வேலை செய்வது அதுவே. தோலில் இருக்கும் புரதத்தைப் பிடித்து இறுக்குகிறது. தோல் பதனிடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் டானினுக்கே பெயர் வந்தது.

சிவப்பு ஒயினில் டானின் எங்கிருந்து வருகிறது? கறுப்புத் திராட்சையின் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும். வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்து தோலை உடனே நீக்கிவிடுவார்கள். சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுவார்கள். நிறமும் துவர்ப்பும் ஒன்றாகவே இறங்கும். ஓக் மரப் பீப்பாயில் முதிரவிட்டால் மரத்தின் பங்குக்கு இன்னும் கொஞ்சம் டானின் சேரும். இப்படி டானின் கூடி, ஆல்கஹால் பதின்மூன்றரை, பதினான்கு சதவீதத்தைத் தொட்டு, வாயில் தண்ணீர் போல ஓடாமல் பால் போலக் கனமாக நிற்கும் ஒயினைத்தான் அடர்த்தியான சிவப்பு ஒயின் என்கிறார்கள். காபர்னே சோவின்யோன், ஷிராஸ், மால்பெக் போன்ற திராட்சை ரகங்கள் இதற்குப் பேர்போனவை.

இந்தத் துவர்ப்பை அடக்க என்ன வழி? வாழைப்பூவை நறுக்கியதும் மோரில் போடுகிறார்கள் நம் வீட்டுப் பெண்கள். மோரின் புளிப்பு, பூ கறுத்துப்போகாமல் காக்கிறது. மோரில் இருக்கும் கேசீன் என்ற பால் புரதம், துவர்ப்புப் பொருட்களைப் பிடித்துக்கொள்கிறது. ஹைதராபாத்தின் இரானி ஓட்டல்களில் நடப்பதும் இதே சங்கதிதான். தேயிலையை வெகுநேரம் கொதிக்கவிட்டு டிகாக்‌ஷன் எடுக்கிறார்கள். அதைத் தனியாகக் குடித்தால் வாய் கோணிப்போகும். சுண்டக் காய்ச்சிய பாலைச் சேர்த்ததும் மிருதுவாகிவிடுகிறது. தொட்டுக்கொள்ள வெண்ணெய்யும் லேசான உப்பும் கலந்த உஸ்மானியா பிஸ்கட்.

புரதம், கொழுப்பு, உப்பு. துவர்ப்பை அடக்கும் இந்த மூன்றும் ஒரே கட்டியில் இருந்தால் அதன் பெயர் சீஸ். எச்சிலின் புரதத்தைத் தேடிவரும் டானினுக்கு எதிரே சீஸின் புரதம் போய் நிற்கிறது. கொழுப்பு நாக்கின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. உப்பு கசப்பைக் குறைத்துக் காட்டுகிறது. ஒயினில் மிஞ்சுவது பழத்தின் மணம்.

எல்லா சீஸும் உதவாது

அப்படியானால் எந்த சீஸானாலும் சரிதானே? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

மாதக்கணக்கில் முதிரவிட்ட கெட்டியான சீஸ் வகைகளே அடர்த்தியான சிவப்பு ஒயினின் உண்மையான சிநேகிதர்கள். முதிர்ந்த செடார், முதிர்ந்த கவுடா, பிரான்சின் கோம்தே, இத்தாலியின் பர்மேசான் ஆகியவை இந்த ஜாதி. ஒரு கிலோ கெட்டியான சீஸ் செய்யச் சுமார் பத்து லிட்டர் பசும்பால் வேண்டும். அத்தனை பாலின் புரதமும் கொழுப்பும் சுருங்கி, நீர் வற்றி நிற்கும் பொருள் அது. முதிரும்போது புரதம் உடைந்து, காளானிலும் நன்கு பழுத்த தக்காளியிலும் கிடைப்பதுபோன்ற ஆழமான ருசி பிறக்கிறது. கனமான ஒயினுக்கு ஈடுகொடுக்கக் கூடியது அந்த ருசிதான். முதிர்ந்த சீஸை வெட்டும்போது வெள்ளையாகச் சிறு மணிகள் தென்படலாம். பூஞ்சணம் என்று பயந்து சிலர் தூக்கிப் போடுவதுண்டு. அவை முதிர்ச்சியில் உருவாகும் படிகங்கள். பல்லில் நறநறக்கும் அந்த மணிகளுக்காகவே அதிக விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிரீ, காமம்பேர் போன்ற, மேலே வெண்பூஞ்சணம் படிந்த மிருதுவான சீஸ்களோ வேறு கதை. பார்வைக்கு விருந்து. ஆனால் பழுக்கப் பழுக்க அவற்றின் தோல்பகுதியில் அம்மோனியா வாடை ஏறும். டானின் நிறைந்த ஒயினோடு சேர்ந்தால் உலோகத்தை நக்கியது போன்ற கசப்பு வருவது பெரும்பாலும் இந்தத் தோலால்தான். ஆட்டுப்பாலில் செய்த புதிய சீஸ் புளிப்பானது. அதற்கு வெள்ளை ஒயின்தான் தோது. நீலப் பூஞ்சணம் ஓடிய சீஸ் அளவு கடந்த உப்பு. துவர்ப்பான ஒயினோடு மல்லுக்கு நிற்கும், இனிப்பான ஒயினோடு கொஞ்சிக் குலாவும். ஆங்கிலேயர்கள் ஸ்டில்டன் சீஸோடு போர்ட் ஒயினைக் குடித்தது இந்த உப்பும் இனிப்பும் சேரும் ருசிக்காகத்தான். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் சர்க்கரை ஒயின் கைவசம் இருப்பவர்கள் அதை நீல சீஸோடு வைத்துப் பார்க்கலாம்.

பனீர்? இந்தியர்களுக்கு மிகவும் பிடித்த இந்தப் பாலாடைக்கட்டியில் முதிர்ச்சியும் இல்லை, உப்பும் இல்லை. அடர்த்தியான ஒயின் அதன்மேல் ரோடு ரோலர் மாதிரி ஏறிப் போய்விடும். தந்தூரி அடுப்பில் கருக வாட்டிய பனீராக இருந்தால் கதை கொஞ்சம் தேவலை. கருகலின் கசப்பும் புகைமணமும் ஷிராஸ் ஒயினில் இருக்கும் மிளகு வாசனையோடு சேர்ந்துகொள்ளும்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு பட்டிமன்றம்

ஐரோப்பிய ஒயின் வியாபாரிகளிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. ஒயின் வாங்கப் போகும்போது ஆப்பிள் தின்றுகொண்டு சுவைப்பார்கள். விற்கும்போது வாடிக்கையாளருக்கு சீஸ் கொடுப்பார்கள். ஆப்பிளின் புளிப்பு ஒயினின் குறைகளைக் காட்டிக் கொடுக்கும், சீஸ் அவற்றை மூடிவிடும் என்பது கணக்கு.

கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எட்டு சிவப்பு ஒயின்கள், எட்டு சீஸ்கள், பயிற்சி பெற்ற சுவைஞர்கள். 2006ல் வெளியான முடிவு ரசிகர்களின் நெஞ்சில் இடியாய் இறங்கியது. எந்த சீஸைத் தின்றாலும் ஒயினின் துவர்ப்பும் புளிப்பும் மட்டுமல்ல, பழமணம், ஓக் மரமணம் உள்பட அநேகமாக எல்லாமே மங்கித்தான் தெரிந்தன. கூடியது வெண்ணெய் மணம் மட்டுமே. உசத்தி ஒயினுக்கும் சாதா ஒயினுக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கிப்போயிற்று.

பத்தாண்டு கழித்து பிரான்சின் டிஜோன் நகரிலிருந்து எதிர்வாதம் வந்தது. 2016ல் வெளியான அந்த ஆய்வில் பங்குகொண்டவர்கள் நிபுணர்கள் அல்ல; ஒயினும் சீஸும் வழக்கமாகச் சாப்பிடும் 31 பிரெஞ்சுக்காரர்கள். நான்கு ஒயின்களில் ஒன்று மாதிரான், துவர்ப்புக்குப் பெயர்பெற்ற அடர்த்தியான சிவப்பு ஒயின். சீஸைத் தின்றபின் குடித்தபோது மாதிரானில் துவர்ப்பு மேலோங்கி நின்ற நேரம் குறைந்து, சிவப்புப் பழங்களின் மணம் கூடியதாக அவர்கள் பதிவு செய்தார்கள். ஒயினும் முன்பைவிட அதிகம் பிடித்தது.

கூர்ந்து கவனித்தால் இரண்டு தரப்புக்கும் பெரிய சண்டை இல்லை. துவர்ப்பு குறைகிறது என்பதில் இருவருக்கும் உடன்பாடு. தரம் பிரிக்க வந்தவர்களுக்கு சீஸ் இடைஞ்சல், சாப்பிட வந்தவர்களுக்கு அது உபகாரம். சாமானியருக்கு இதில் காசு மிச்சமாகும் ஒரு பாடம் இருக்கிறது. மிக விலை உயர்ந்த, நுட்பமான பழைய ஒயினை சீஸோடு வீணாக்க வேண்டாம். இளமையான, முரட்டுத் துவர்ப்புள்ள, நடுத்தர விலை ஒயினுக்குத்தான் சீஸ் உண்மையில் கைகொடுக்கும். இன்றைய இந்திய சிவப்பு ஒயின்களில் கணிசமானவை இந்த ரகமே.

நம் ஊர் பாட்டில்

ஹைதராபாத்துக்கும் திராட்சைக்கும் பழைய சொந்தம். அனாப்-இ-ஷாஹி என்ற பெரிய வெள்ளைத் திராட்சை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த நகரத்தில்தான் வேர்விட்டது. பின்னர் ஏக்கருக்குக் கொட்டோ கொட்டென்று காய்த்துத் தென்னிந்தியா முழுவதும் பரவியது. நகரம் விரிந்தபோது சுற்றுவட்டாரத் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. ஆனால் அது தின்னும் பழம். நிறைய நீர், மெல்லிய ருசி. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையும் அப்படித்தான். 2023ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மணத்துக்கும் இனிப்புக்கும் குறைவில்லை. ஆயினும் அடர்த்தியான துவர்ப்பு ஒயினுக்கு வேண்டிய சிறிய மணியும் தடித்த தோலும் வேறு ரகங்களின் சொத்து.

அந்த ரகங்களை இந்திய மண்ணில் ஊன்றிய கதைக்கு நாற்பதாண்டு வயது. மகாராஷ்டிரத்தில் நாராயண்காவ் அருகே ஷாம்ராவ் சௌகுலே எண்பதுகளில் இண்டேஜ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் 'ஓமர் கய்யாம்' நுரை ஒயின் வெளிநாடுகளுக்கும் போயிற்று. கர்நாடகத்தில் நந்தி மலையடிவாரத்தில் கன்வல் குரோவர், பிரெஞ்சு நிபுணர் ஜார்ஜ் வெஸ்ஸல் துணையோடு 1988ல் தோட்டம் அமைத்தார். தொண்ணூறுகளின் நடுவில் போர்தோவின் புகழ்பெற்ற ஆலோசகர் மிஷெல் ரோலான் வந்து சேர, 'லா ரிசர்வ்' என்ற காபர்னே - ஷிராஸ் கலவை பிறந்தது. அமெரிக்காவில் மென்பொருள் நிறுவன வேலையை உதறிவிட்டு வந்த ராஜீவ் சாமந்த் நாசிக்கில் ஆரம்பித்த சூலா, 2000ல் முதல் ஒயினை வெளியிட்டது. மறு ஆண்டே மகாராஷ்டிர அரசு திராட்சை ஒயினுக்குச் சலுகை அளிக்கும் கொள்கையை அறிவித்தது. கர்நாடகம் 2007ல் பின்தொடர்ந்தது. சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் இத்தாலியர்களும் இந்தியர்களும் கைகோத்துத் தொடங்கிய நிறுவனம் ஃப்ரதெல்லி. இத்தாலிய மொழியில் சகோதரர்கள் என்று பொருள்.

ஹைதராபாத்தின் பங்கும் உண்டு. இந்நகரின் மருந்து நிறுவனமான கிரானியூல்ஸ் இந்தியாவை நிறுவிய கிருஷ்ண பிரசாத் சிகுருபாட்டியும் அவர் மனைவி உமாவும் ஹம்பி அருகே மலைச்சரிவில் உருவாக்கிய தோட்டம் 'கிருஷ்மா'. இருவர் பெயரையும் சேர்த்து வைத்த பெயர். அதன் காபர்னே சோவின்யோன், அடர்த்தியான இந்திய சிவப்பு ஒயின்களைப் பற்றிப் பேசுபவர்கள் தவறாமல் குறிப்பிடும் பெயர்களில் ஒன்று.

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் இனித்ததில்லை. முன்னோடியான இண்டேஜ், கடனில் மூழ்கிக் கரைசேர முடியாமல் போனது. அது திராட்சை போட்ட விவசாயிகளையும் பாதித்தது. இன்னொரு கோடியில், சூலா 2022 டிசம்பரில் பங்குச் சந்தையில் நுழைந்தது. ஒயின் திராட்சை பயிரிடும் விவசாயிக்குப் பழமாகச் சந்தையில் விற்கும் வழி கிடையாது. ஒயின் ஆலை வாங்கினால் உண்டு, இல்லாவிட்டால் நஷ்டம். பாட்டில் திறந்த வீட்டில் 'இனி வேண்டாம்' என்று முகம் சுளித்தால், அதன் எதிரொலி என்றாவது ஒருநாள் தோட்டம்வரை போய்ச் சேரும்.

வெப்பநாட்டுத் திராட்சைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி உறங்கும். இங்கே உறக்கம் கிடையாது. ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை ஓய்ந்த செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. அறுவடை பிப்ரவரி, மார்ச்சில். வெயிலில் சர்க்கரை வேகமாக ஏறிவிடும். தோலின் டானின் பக்குவமாவதற்கு அவ்வளவு அவசரம் இல்லை. அந்த இடைவெளியில் பறித்தால் ஒயினில் பச்சைத் துவர்ப்பு தங்கிவிடும். நந்தி மலையடிவாரம், நாசிக் போன்ற உயரமான, இரவு குளிரும் இடங்களைத் தேடிப்போனதற்கு இதுவும் காரணம். நம் ஊர் ஒயினுக்கு முதிர்ந்த சீஸின் துணை கூடுதலாகத் தேவைப்படுவதற்கும் இதுவே காரணம்.

நம் ஊர் சீஸ்

இந்தியாவில் சீஸ் என்றால் பெரும்பாலோர் மனதில் வருவது டின்னிலோ காகித அட்டையிலோ வரும் பதப்படுத்திய சீஸ். இயற்கையான சீஸை உருக்கி, அது பிரியாமல் இருக்கச் சில உப்புகளைச் சேர்த்து, மறுபடி கட்டியாக வார்த்தது. கெடாது, ஒரே மாதிரி இருக்கும், சாண்ட்விச்சில் ஜோராக இளகும். துவர்ப்பையும் ஓரளவு அடக்கும். ஆனால் ஒயினுக்கு ஈடுகொடுக்கும் முதிர்ச்சியின் ஆழத்தை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. அடுத்த படிக்கு ஏற விரும்புபவர்கள் உறையில் பதப்படுத்தாத இயற்கை சீஸ் என்று இருக்கிறதா, எத்தனை மாதம் முதிர்ந்தது என்று பார்த்து வாங்குவது நல்லது.

தமிழர்களுக்கு இதிலும் கைக்கெட்டும் தூரத்தில் வசதி இருக்கிறது. கொடைக்கானலுக்குச் சுற்றுலா போனவர்கள் சாக்லெட்டோடு வாங்கிவரும் கொடை சீஸைத் தெரியாதவர்கள் குறைவு. ஆரோவில் பண்ணையில் செய்யும் சீஸ் புதுச்சேரி உணவகங்களில் நெடுங்காலமாகப் புழங்குகிறது. சென்னையில் நம்ரதா சுந்தரேசனும் அனுராதா கிருஷ்ணமூர்த்தியும் 2016ல் தொடங்கிய 'கேஸ்' என்ற சிறு நிறுவனம், காது கேளாத பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கையால் சீஸ் தயாரிக்கிறது. மும்பையின் 'எலெஃப்தீரியா' செய்த பழுப்பு சீஸ் 2021ல் உலக சீஸ் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. முதிரவைத்த சீஸுக்குப் பொறுமையான முதலீடு வேண்டும். இன்று வாங்கிய பாலுக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் காசு. அதுவரை அது குளிரறையில் இருந்தாக வேண்டும். மின்வெட்டுக்கும் மின்கட்டணத்துக்கும் ஈடுகொடுத்து இதைச் செய்பவர்கள் இன்னும் சொற்பம்.

சைவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும், வரவேண்டியதுதான். பாலைத் திரிக்க ஐரோப்பாவில் பாரம்பரியமாகப் பயன்படுத்தியது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்கு இன்றும் அதுதான் விதி. இந்தியத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் நுண்ணுயிரிலிருந்து கிடைக்கும் ரென்னெட்டையே பயன்படுத்துகிறார்கள். உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வெயில் என்ற வில்லன்

சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' குடிக்க வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லும். எந்த அறை? குளிர்தேசத்துக் கல்வீட்டு அறை. அதாவது 16லிருந்து 18 டிகிரி செல்சியஸ். ஏப்ரல், மே மாதத்து ஹைதராபாத்தில் நிழலிலேயே 40ஐத் தொடும். அந்தச் சூட்டில் ஒயினிலிருந்து முதலில் மூக்குக்கு வருவது ஆல்கஹால் நெடி. பழமணம் எங்கோ பின்னால் நிற்கும். குடிக்குமுன் அரைமணி நேரம் பிரிட்ஜில் வைப்பது பாவமில்லை. நம் ஊரில் அதுதான் முறை. ரொம்பவும் குளிர்ந்துபோனால் துவர்ப்பு கூர்மையாகத் தெரியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சீஸுக்கு நேர்மாறான வைத்தியம். பிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் தின்றால் கொழுப்பு இறுகிக் கிடக்கும், ருசி வெளிப்படாது. வெளியே எடுத்து வைத்துக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் ஒருமணி நேரம் என்பார்கள். நம் கோடையில் அவ்வளவு நேரம் விட்டால் எண்ணெய் கசிந்துவிடும். பதினைந்து, இருபது நிமிடம் தாராளம்.

வாங்கும் இடத்திலும் கண் இருக்க வேண்டும். கண்ணாடி ஜன்னலோரம் வெயில் காய்ந்த பாட்டிலில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளியிருக்கலாம். உள்ளே பழரசம் வெந்து ஜாம் வாடை அடிக்கும். அதை எந்த சீஸாலும் காப்பாற்ற முடியாது. தக்கைக்குப் பதில் திருகுமூடி போட்ட பாட்டிலை மட்டமாக நினைக்கத் தேவையில்லை. திறந்த ஒயின் மிச்சமானால் மூடி பிரிட்ஜில் வைக்கலாம். இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும்.

தட்டில் கூடவே என்ன வைப்பது? காராச்சேவையும் மிளகாய் பஜ்ஜியையும் தள்ளிவையுங்கள். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் தூண்டிவிடும், டானின் அதை இன்னும் முரடாக்கும். வறுத்த வேர்க்கடலை, முந்திரி, பேரீச்சை, உலர்ந்த அத்தி, உப்பு குறைந்த பிஸ்கட், சாதா ரொட்டி போன்றவை பகையில்லாதவை. காரத்தை விட மனமில்லாதவர்கள் மிளகுக்குப் போகலாம். ஷிராஸுக்கும் மிளகுக்கும் ஒத்துப்போகும்.

மருந்து என்று நம்ப வேண்டாம்

நாச்சாரத்திலிருந்து சில கிலோமீட்டரில், தார்நாக்காவில், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 1918ல் குன்னூரில் சிறிய ஆராய்ச்சிக்கூடமாகப் பிறந்து, 1958ல் ஹைதராபாத்துக்குக் குடிவந்த நிறுவனம். அது 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருநாளைக்கு மொத்தமே ஐந்து கிராம் உப்பு போதும் என்கிறது. சீஸில் உப்பும் கொழுப்பும் அதிகம் என்பதால் தீப்பெட்டி அளவுக்கு நாலைந்து துண்டுகள் என்பது ஒருவருக்குத் தாராளமான கணக்கு.

ஒயின் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் 'பிரெஞ்சுப் புதிர்' என்ற பேச்சு உலகைச் சுற்றியது. வெண்ணெய்யும் சீஸும் வெளுத்துக்கட்டும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவு, காரணம் சிவப்பு ஒயின் என்றார்கள். 1991ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி இதைச் சொன்னதும் அங்கே சிவப்பு ஒயின் விற்பனை எகிறியது. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அந்த நம்பிக்கையைக் கரைத்துவிட்டன. ஆல்கஹாலில் இந்த அளவுவரை பாதுகாப்பு என்று ஒரு கோடு கிழிக்க முடியாது என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. குடிக்காதவர் இதயத்துக்கு நல்லதென்று ஆரம்பிக்க ஒரு முகாந்திரமும் இல்லை. குடிப்பவருக்கு சீஸ் செய்யும் ஒரு நன்மை, வெறும் வயிற்றில் ஊற்றாமல் நிதானமாகக் கடித்துக் குடிக்க வைப்பது.

ஒயினையே தொடாதவர்களும் இந்தக் கட்டுரையைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு ஸ்பூன் தேயிலையை ஒரு டம்ளர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஒரு வாய் குடியுங்கள். நாக்கு சொரசொரக்கும். இப்போது முதிர்ந்த செடாரில் ஒரு துண்டை நன்றாக மென்று விழுங்கிவிட்டு இன்னொரு வாய் குடியுங்கள். அதே தேநீர் சாதுவாகிவிட்டிருக்கும். அடுத்து அதே சோதனையை பனீரில் செய்யுங்கள். சீஸ் தட்டுக்கு முன்னால் ஓட்டல் சிப்பந்தி ஒப்பிக்கும் பிரெஞ்சுப் பெயர்கள் எதுவும் அதன்பிறகு உங்களை மிரட்டாது. எவ்வளவு துவர்ப்பு, அதற்கு எவ்வளவு முதிர்ந்த சீஸ் என்று உங்கள் நாக்கே சொல்லிவிடும்.